மரநிழலும் ஒரு குவளைக் காப்பியும்

ஆடித்தபசு நாட்களில் சங்கரன்கோவில் வீதிகளில் முளைக்கும் உணவுக் கடைகள் விழா முடிந்ததும் கலைந்துவிடும். நிலம் தமதன்று என்பதை அக்கடைக்காரர்கள் முதல்நாளே அறிவர். நிலைபெற்றுவிட்டதாகக் கருதப்பட்ட பெருநகர உணவகங்களின் கதையும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. தனித்தோற்றத்தால் புகழ்பெற்ற உணவகம் மூடப்படும்போது சுவை குன்றியது, காலம் மாறியது என்று காரணம் கூறுவர். சென்னை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தின் வரலாறு வேறொரு காரணத்தைக் காட்டுகின்றது.

உடுப்பி உணவைச் சென்னையில் பரப்பியவர்களுள் முதன்மையானவர் கே.கிருஷ்ணராவ். 1938இல் இராயப்பேட்டையில் பழைய மாளிகையொன்றை வாடகைக்கு எடுத்து அவர் உட்லண்ட்ஸ் விடுதியைத் தொடங்கினார். அப்பெயர் பின்னர் மயிலாப்பூருக்கும் சென்று நியூ உட்லண்ட்ஸ் ஆயிற்று. 1962இல் கதீட்ரல் சாலையில், வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் பொறுப்பிலிருந்த மரச்சோலையில் டிரைவ்-இன் உணவகம் பிறந்தது. காரின் கதவில் தட்டைப் பொருத்தி, அமர்ந்த இடத்திலேயே உணவு பரிமாறும் புதுமை அங்கு இருந்தது. ஆயினும் அதன் உண்மையான அணி மரநிழலே. எழுத்தாளரும் இதழாளரும் திரைத்துறையினரும் ஒரு குவளைக் காப்பியை முன்வைத்து அங்கு நெடுநேரம் உரையாடினர்.

உணவகக் கணக்கில் ஓர் இருக்கை ஒருநாளில் எத்தனை பேரைக் காண்கிறது என்பதே முதல் வரி. நெடுநேரம் பேசுபவர் அக்கணக்கில் நட்டம். குறைந்த செலவில் பரந்த நிலம் கிடைக்கும்வரைதான் அந்த நட்டத்தைத் தாங்க இயலும். கதீட்ரல் சாலையின் நிலம் விலைமதிப்பற்றதாயிற்று. அதன் உரிமை வழக்குமன்றம் ஏறியது. 2008இல் உணவகம் மூடப்பட்டது. 2010 நவம்பரில் அவ்விடத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. மரங்கள் பல காக்கப்பட்டன. மொழியின் பெயரும் சூட்டப்பட்டது. அம்மொழியில் நாள்தோறும் பேசிக்கொண்டிருந்தவர்களின் மேசைகளுக்கு மட்டும் இடமில்லாது போயிற்று.

பெங்களூர் இந்தியன் காப்பி ஹவுஸின் முடிவு சற்றே வேறானது. காப்பி வாரியம் தன் காப்பி நிலையங்களை மூடியபோது, ஏ.கே.கோபாலனின் ஊக்கத்தால் தொழிலாளரே கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். 1957இல் முதற்சங்கம் பெங்களூரில் தோன்றியது. 2009இல் மகாத்மா காந்தி சாலைக் கட்டடத்தை அது இழந்தது. எனினும் சர்ச் தெருவில் மீண்டும் திறந்தது. பரிமாறுவோரின் விசிறித் தலைப்பாகையும் உடன் சென்றது. பழைய சுவர்கள் திரும்பவில்லை. பழகிய முகங்கள் திரும்பின.

இரண்டையும் ஒப்பிட்டால் ஒன்று புலனாகும். நிலத்தைச் சார்ந்த அழகு நிலத்தோடு போய்விடுகின்றது. மனிதரைச் சார்ந்த வழக்கம் இடம்பெயர்ந்தும் வாழ்கின்றது. சொந்தக் கூரையின்றிக் கூடும் இலக்கிய வட்டங்கள் பத்தாண்டு காண்பதும் இவ்வாறே. கூடும் இடம் மாறலாம். கூடும் வழக்கம் மாறலாகாது.