கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சுவர்

கனடாவிலோ இங்கிலாந்திலோ வீடு வாங்கின எங்கட சொந்தக்காரர் அனுப்பிற படங்களில 'சன்ரூம்' எண்டொரு அறை அடிக்கடி வரும். மூன்று பக்கமும் கண்ணாடி, நடுவில பிரம்புக் கதிரை, மூலையில ஒரு பூச்சாடி. வெயில் உள்ளுக்கு வரக்கூடாது எண்டு விறாந்தை இறக்கிற ஊர்க்காரர் நாங்கள். வெயிலைக் கூப்பிட்டு இருத்துறதுக்கெண்டே ஒரு அறை கட்டுறது எங்களுக்குப் புதினமாத்தான் இருக்கும். படத்தில எல்லாருக்கும் கண்ணாடிதான் தெரியும். ஆனால் இந்த அறையின் வரலாற்றைத் தோண்டிப் பார்த்தால், வெற்றியையும் தோல்வியையும் தீர்மானித்தது பெரும்பாலும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சுவர்தான்.

பிரான்சில் 14ஆம் லூயி மன்னனுக்குத் தோடை மரங்களில் பெரிய பைத்தியம். தோடைக்கோ குளிர் ஆகாது. மரங்களைப் பெட்டிகளில் நட்டு, குளிர்காலத்தில் உள்ளே வைப்பதற்காக வெர்சாய் அரண்மனையில் ஜூல் ஹார்துவான்-மான்சார் என்ற கட்டடக்கலைஞர் 1684 முதல் 1686 வரை ஒரு மண்டபம் கட்டினார். நீளம் 150 மீற்றருக்கு மேல். தெற்குப் பக்கம் பெரிய யன்னல்கள், அதுவும் இரட்டைக் கண்ணாடி. சுவர்களின் தடிப்பு 4 முதல் 5 மீற்றர்! எங்கட வீடுகளில ஒரு அறையின் அகலமே அவ்வளவு வராது. குளிர்காலத்திலும் உள்ளே வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே போவதில்லை. கல் பகலில் மெல்லச் சூடாகும், இரவில் மெல்லத்தான் ஆறும். மன்னனிடம் கல்லும் இருந்தது, அதைச் சுமக்க ஆட்களும் இருந்தார்கள்.

இங்கிலாந்துக்காரர் வேறு வழியில் போனார்கள். சட்ஸ்வேர்த் மாளிகையில் ஜோசப் பாக்ஸ்ரன் 1836இல் தொடங்கி 1840இல் முடித்த மாபெரும் கண்ணாடிக் கூடத்தில், சுவர் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. சுவர் செய்ய வேண்டிய வேலையை நிலக்கரி செய்தது. எட்டுக் கொதிகலன்கள், சுமார் 11 கிலோமீற்றர் இரும்புக் குழாய். நிலக்கரி நிலத்துக்குக் கீழே ஒரு சுரங்கப்பாதை வழியாக வந்தது. பூ பார்க்க வந்த பிரபுக்களின் கண்ணில் கரியும் படாது, கரி தள்ளுகிறவனும் படமாட்டான். 1845இல் கண்ணாடி வரி நீக்கப்பட்டபிறகு நடுத்தர வர்க்க வீடுகளுக்கும் இந்த மோகம் பரவியது. பிறகு முதலாம் உலகப் போர் வந்தது. கரி இல்லை, ஆட்களும் இல்லை. சட்ஸ்வேர்த் கூடத்துச் செடிகள் செத்துப்போயின. 1920இல் அதை வெடிவைத்தே இடித்தார்கள். கரி நின்ற அண்டைக்கே அந்தக் கட்டடத்தின் கதை முடிஞ்சுது எண்டுதான் சொல்லவேணும்.

சுவரைத் திரும்பக் கொண்டுவந்தவர் ஒரு விலங்கியலாளர். அமெரிக்காவின் எட்வேர்ட் மோர்ஸ், யப்பானில் ஓமோரி சிப்பிமேட்டை அகழ்ந்தவர் என்று தொல்லியல் படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். கறுப்பாக்கிய சிலேற்றுப் பலகைக்கு முன்னால் கண்ணாடியை நிறுத்தி, இடையில் காற்று ஓட வழி விட்டு, அறையைச் சூடாக்கும் முறைக்கு 1881இல் அவர் காப்புரிமை எடுத்தார். பள்ளிக்கூடத்தில எழுதின அதே சிலேற்றுக் கல்லுத்தான்! ஆனால் இன்றைக்கு அந்தச் சுவருக்கு 'துரோம்ப் சுவர்' என்று பெயர். 1967இல் பிரெஞ்சுப் பிரனீஸ் மலையில் உள்ள ஒதெய்யோவில், பெலிக்ஸ் துரோம்ப் என்ற பொறியியலாளர் ஜாக் மிஷெல் என்ற கட்டடக்கலைஞரோடு சேர்ந்து கட்டிய வீட்டால் வந்த பெயர் அது. 60 சென்ரிமீற்றர் கொங்கிரீட், கறுப்பு மை, முன்னால் இரட்டைக் கண்ணாடி. மதியம் வாங்கின சூடு சுவரைக் கடந்து வீட்டுக்குள்ள வர இரவாகிவிடும். நல்ல யோசனைதான், ஆனால் ஒரு ஓட்டை. சூடான பக்கம் கண்ணாடியைப் பார்த்து நிற்பதால், இரவில் அதே சூடு வெளியேயும் போகிறது.

இந்த ஓட்டைக்குக் கனடாவின் ரெஜைனா நகரில் 1977இல் ஒரு பதில் கிடைத்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிந்திய காலம் அது. சஸ்கச்சுவான் ஆராய்ச்சி மன்றத்தின் ஹரோல்ட் ஓர் குழுவினர் கட்டிய மாதிரி வீட்டில் சூளை கிடையாது. சுமார் 30 சென்ரிமீற்றர் தடிப்பான சுவர், உள்ளே முழுக்க வெப்பக்காப்பு, காற்றுப் புகாத இணைப்புகள், அளவான யன்னல்கள். கல் சூட்டைச் சேமிக்கும். பஞ்சு போன்ற வெப்பக்காப்பு சூட்டைப் போகவிடாமல் மறிக்கும். இரண்டும் வேறு வேறு வேலை. ஒன்று மற்றதின் இடத்தை நிரப்பாது. ஜேர்மனியில் 1991இல் தோன்றிய 'பசிவ்ஹவுஸ்' வீடு ரெஜைனாவிடமிருந்தும் கற்றுக்கொண்டது.

அதனால ரொறன்ரோவில சன்ரூம் கட்டப்போற மாமாவோ மாமியோ யோசனை கேட்டால், கண்ணாடியின்ர விலையைப் பற்றி மட்டும் கதைக்காமல் இதையும் சொல்லலாம். கண்ணாடிக்குக் கீழே வருகிற குட்டைச் சுவரில் கல்லோ செங்கல்லோ உள்பக்கம் இருக்கவேணும், வெப்பக்காப்பு வெளிப்பக்கம். அந்த அறையைத் தனியாகச் சூடாக்கப்போவதில்லை என்றால், அதற்கும் வீட்டுக்கும் இடையில் உள்ள சுவரையும் கதவையும் தெருப்பக்கச் சுவர் மாதிரியே காப்புப் போட்டு அடைக்கவேணும்.