தொல்பற்கள் காட்டும் உணவும் ஏற்றத்தாழ்வும்

அகழாய்வில் கிடைக்கும் பண்டை மனிதரின் பற்கள் தொல்பற்கள் எனப்படும். மனித உடலின் மிகக் கடினமான பொருள் பற்சிப்பி. எலும்பு மக்கிப்போன இடுகாடுகளிலும் அது எஞ்சும். எலும்பு வாழ்நாள் முழுவதும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். பற்சிப்பியோ குழந்தைப் பருவத்தில் உருவானபடியே நின்றுவிடும். முதற் கடைவாய்ப்பல்லின் மேற்பகுதி ஏறத்தாழ மூன்று வயதுக்குள் முழுமை பெறுகிறது. முதுமையில் இறந்தவரின் வாயிலும் அவர் தவழ்ந்த காலத்து ஊட்டமும் நோயும் படிக்கக் கிடைப்பது இதனால்தான்.

சான்றுகள் பலவகை. சொத்தை, மாவுப்பண்டம் மிகுந்த உணவைக் குறிக்கும். பற்சிப்பியின் குறுக்குக் கோடுகள், பசியாலோ காய்ச்சலாலோ வளர்ச்சி தடைப்பட்ட காலத்தைக் காட்டும். பல்மேல் படிந்து இறுகும் பற்காறையில் உணவின் மாவுத்துகளும் புரதமும் ஒட்டியிருக்கும். கார்பன் ஐசோடோப் அளவு, நெல் கோதுமை உண்டவரையும் கம்பு, சோளம், மக்காச்சோளம் உண்டவரையும் பிரித்தறிய உதவும். நைட்ரஜன் அளவு புலாலும் மீனும் உண்டவரைச் சுட்டும். ஸ்ட்ரான்சியம், பிள்ளைப் பருவ உணவு விளைந்த மண்ணைச் சொல்லும். சொத்தை உழவோடு வந்த நோய் என்ற பழைய கருத்து முழு உண்மையன்று. மொராக்கோவின் தபோரல்ட் குகையில், உழவு தோன்றுமுன் கருவாலிக் கொட்டைகளை உண்டு வாழ்ந்தவர்களின் பற்களில் பாதி சொத்தையானவை என 2014-இல் வெளியிடப்பட்டது.

இத்துறையில் இந்தியத் துணைக்கண்டத்துக்குத் தனியிடம் உண்டு. பலுசிஸ்தானின் மெஹர்கரில், 9,000 முதல் 7,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒன்பது பேரின் பதினொரு கடைவாய்ப் பற்களில் துளைகள் காணப்பட்டன. 2006-இல் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது. மணிகளைத் துளையிடப் பயன்பட்ட தீக்கல் முனைகளையே பல்லுக்கும் பயன்படுத்தியிருக்க வேண்டும். வில்லால் சுழற்றும் கருவியை உருவாக்கிச் சோதித்தபோது ஒரு நிமிடத்துக்குள் துளை விழுந்தது. துளையின் விளிம்பு தேய்ந்திருப்பதால், அவர்கள் அதன்பின்னும் அப்பல்லால் மென்று வாழ்ந்தனர் என்பது தெளிவு. வலியை எப்படித் தாங்கினர் என்பதற்கு மண்ணில் விடையில்லை. அங்கேயே பிற்காலத்து இடுகாட்டில், பற்கள் கெட்டுக்கிடந்தும், இவ்வாறு பல்லைத் துளையிடும் மருத்துவத்தின் தடயம் இல்லை.

ஹரப்பாவின் ஆர்-37 இடுகாட்டுப் பற்களை அமெரிக்க மானிடவியலாளர் ஜான் லூகாக்ஸ் ஆராய்ந்து 1990-களில் எழுதினார். ஆண்களைவிடப் பெண்களுக்கே சொத்தை மிகுதி. உழவு பெருகியபோது பெண்களின் வாய்நலம் கூடுதலாகக் கெட்டது என்பது இதன் பொருள். கருவுற்ற காலத்தில் உமிழ்நீர் மாறுவதும் காரணம் என்று பின்னர் அவரே வலியுறுத்தினார். எனினும் சமையலிடத்தில் யாருக்கு எது, எத்தனை முறை என்ற பங்கீட்டை விட்டுவிட்டு உடலியலை மட்டும் காரணமாக்குவது பொருந்தாது.

பற்சிப்பியின் வழி ஏற்றத்தாழ்வை அறிந்ததற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, மத்திய ஐரோப்பாவில் சுமார் 7,500 ஆண்டுகளுக்கு முன் குடியேறிய முதல் உழவர்கள். 300-க்கும் மேற்பட்டோரின் பற்சிப்பியை ஆராய்ந்த 2012-ஆம் ஆண்டுக் கட்டுரைப்படி, கல் வாய்ச்சியோடு புதைக்கப்பட்ட ஆண்களின் ஸ்ட்ரான்சியம் அளவுகள் பெரிதும் ஒத்திருந்தன. காற்று கொணர்ந்து படிந்த வளமான வண்டல் நிலத்து விளைச்சலே அவர்களை வளர்த்தது. வாய்ச்சி பெறாதோர் பல்வேறு மண்ணில் வளர்ந்தவர்கள். பெண்களில் பலர் வெளியூர்ப் பிறப்பினர். நல்ல நிலம் தந்தைவழி கைமாறியது என்பது ஆய்வாளர் முடிவு. உடைமை உள்ளவர் பிள்ளை, வளர்ந்து ஈட்டுமுன்பே உடையவனாகிறான்.

பற்காறை ஆய்வு புதிது. இஸ்ரேலின் மெகிதோவில் மஞ்சளின் எச்சமும், ஜெர்மனியின் டால்ஹைம் மடத்தில் அடக்கமான பெண்ணின் காறையில் ஆப்கானிய நீலக்கல் துகளும் கண்டறியப்பட்டன. காறையின் புரதமும் மரபணுவும் இன்று ஆராயப்படுகின்றன. இவற்றுக்கு மாதிரி எடுத்தால் அப்பகுதி அழிந்துவிடும். ஆகவே படமும் வார்ப்பும் எடுத்த பின்னரே தொல்பல்லில் கைவைக்க வேண்டும்.