ஞானக்கண் என்னும் சௌகரியம்

பார்வையற்ற வித்வான் ஒருவரைப் பற்றி எழுத நேர்ந்தால் நம்மவர்கள் முதல் வரியிலேயே 'ஞானக்கண்' என்று எழுதிவிடுகிறார்கள். அப்புறம் எழுத ஒன்றும் மிஞ்சுவதில்லை. அவர் எப்படிக் கற்றார், எதை மாற்றினார், யாருக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்ற கேள்விகளெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அடங்கிவிடுகின்றன. பார்வைக்கு இது மரியாதை. உண்மையில் சரித்திரம் எழுதும் சிரமத்திலிருந்து தப்பித்துக்கொள்ளும் வழி. கும்பகோணம் சரப சாஸ்திரிகளுக்கு (1872–1904) நேர்ந்தது இதுதான்.

சாஸ்திரிகள் குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்தவர். இறந்தபோது வயது 32. இந்தக் கொஞ்ச காலத்தில் அவர் செய்த காரியம் புல்லாங்குழலைக் கச்சேரி வாத்தியமாக்கியது. குழலுக்கு அதற்கு முன்பு புராணத்தில் இடமிருந்தது, கோயில் சிற்பத்தில் இருந்தது, நாட்டியத்திற்குத் துணையாகவும் இருந்தது. ஆனால் மேடையின் நடுவில் உட்கார்ந்து, பக்கவாத்தியங்களை வைத்துக்கொண்டு, ராகமும் கிருதியுமாக ஒரு கச்சேரியை முழுதாக நடத்தும் தகுதி அதற்கு உண்டு என்று சாஸ்திரிகளுக்குப் பிறகே ஒப்புக்கொள்ளப்பட்டது.

இதில் கண்ணில்லாமையின் பங்கு என்ன? நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய சங்கீதப் படிப்பு முழுக்கச் செவிப் படிப்பு. சரளி, ஜண்டை, அலங்காரம் எல்லாம் குரு பாடிச் சிஷ்யன் திருப்பிப் பாடி வந்தவை. தாளம் தொடையில் தட்டித் தட்டி உடம்பில் ஏறுவது. மிருதங்கம் கற்கிறவனும் விரலால் வாசிப்பதை 'தகதிமி' என்று வாயால் சொல்லியே மனசில் இருத்திக்கொள்கிறான். இந்தத் திண்ணையில் கண்ணுள்ள பையனும் கண்ணில்லாத பையனும் ஒரே பாடத்தைத்தான் ஒரே வழியில் படித்தார்கள். சாஸ்திரிகள் விதிவிலக்கல்ல; அந்த முறையின் நடுவிலேயே இருந்தவர்.

எங்கள் பகுதியில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள் இழை அறுந்ததைத் தறியின் சத்தத்திலேயே தெரிந்துகொள்வதாகச் சொல்வார்கள். அதை யாரும் தெய்வீகம் என்பதில்லை. வேலை தெரிந்த ஆள் என்கிறோம். சாஸ்திரிகளுக்கும் அந்தச் சொல்லையே தரலாம். அது குறைவான சொல் அல்ல.

அவர் மறைந்த அதே 1904-ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீக்ஷிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சாகி வெளிவந்தது. அதற்கு முன்பும் ஸ்வரப்படுத்திய புத்தகங்கள் உண்டு. என்றாலும் மரபு இத்தனை பெரிய அளவில், கமகக் குறிகள் சகிதம், காகிதத்தில் ஏறியது அப்போதுதான். பிறகு பாடத்திட்டம் வந்தது, கல்லூரி வந்தது, பரீட்சை வந்தது. சங்கீதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணின் விவகாரமும் ஆயிற்று. கண்ணில்லாதவன் சங்கீதத்திற்குள் 'அதிசயம்' ஆனது இதற்குப் பிறகு என்பது என் எண்ணம். வாசலைக் குறுக்கிவிட்டு, நுழைந்து வந்தவனைப் பார்த்து ஆச்சரியப்படுகிறோம். வயலின் எம். சந்திரசேகரன் இரண்டு வயதில் பார்வை இழந்தவர். 2005-ல் சங்கீத கலாநிதி ஆனார். அவருக்குக் கற்பித்தது அவருடைய தாயார், வீட்டில். கர்நாடகத்தில் கதக் வீரேஸ்வர புண்யாச்ரமத்தை வளர்த்த பஞ்சாக்ஷரி கவாயும் புட்டராஜ கவாயும் பார்வையற்றவர்கள். புட்டராஜர் வாய்ப்பாட்டோடு தபேலா உட்படப் பல வாத்தியங்கள் கையாண்டவர். பார்வையற்ற குழந்தைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுப்பதை அங்கே ஒரு ஸ்தாபனமாக்கினார்கள். அடைமொழியோடு நிற்கவில்லை.

சாஸ்திரிகள் விட்டுப் போனது ஸ்தாபனம் அல்ல, ஒரு சிஷ்யர்: பல்லடம் சஞ்சீவ ராவ் (1882–1962). திருப்பூருக்குத் தெற்கே, தறிக்கும் கோழிப்பண்ணைக்கும் பேர்போன அதே பல்லடம். அவ்வூர்க்காரர்கள் வங்கியில் என் கவுண்டருக்குத் தினமும் வருகிறார்கள். இந்தப் பெயரை ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை. குருவுக்கும் சிஷ்யருக்கும் பத்து வயதுதான் வித்தியாசம். குரு போனபோது சிஷ்யருக்கு 22 வயது. அதன் பின் 58 வருஷம் அந்தக் குழலைச் சுமந்தவர் இவர்.

கண்ணில்லாத குரு, கண்ணுள்ள சிஷ்யர். சிஷ்யன் குருவின் விரலைப் பார்க்கலாம். குரு சிஷ்யனின் விரலைப் பார்க்க முடியாது. குழலில் ஒரு துளையைப் பாதி மூடுவதா, கால் பங்கு மூடுவதா என்பதில்தான் ஸ்வரம் நிற்கிறது. அப்படியானால் குருவின் திருத்தம் விரலுக்கு அல்ல, ஒலிக்கு. விரல் எப்படி வைத்தாய் என்ற கேள்விக்கு இடமில்லை. ஸ்வரம் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. இதைவிடக் கண்டிப்பான பாடம் இருக்க முடியாது.

கிராமபோன் கம்பெனி 1902-ல் கல்கத்தாவில் ஒலிப்பதிவைத் தொடங்கியது. சாஸ்திரிகளின் குழல் இசைத்தட்டில் இல்லை. பல்லடத்தாருடையது இருக்கிறது. ஆகவே குருவைச் சிஷ்யர் வழியாகத்தான் கேட்க வேண்டும். ஆனால் சிஷ்யரையே நாம் சரியாகக் கேட்பதில்லை. 1933-ல் ஏழு வயதில் மேடையேறிய மாலி (டி. ஆர். மகாலிங்கம், 1926–1986) குழலை வாய்ப்பாட்டுக்கு அருகில் கொண்டுவந்துவிட்டார். விரல் வைக்கும் முறையையே மாற்றி, இழைவும் கமகமும் பேச வைத்தார். அந்தச் சாதனையின் வெளிச்சத்தில் பல்லடம் பாணி, ஸ்வரங்களை நாக்கால் வெட்டி வெட்டி வேகமாக ஊதுகிற பழைய பாணி, வறண்டதாகத் தெரிந்தது. விமர்சனமும் அதோடு தீர்ப்பை முடித்துக்கொண்டது.

நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். சாஸ்திரிகள் காலத்தில் மைக் இல்லை. நம் கச்சேரிகளில் அது பரவியது 1930களில். சின்ன மூங்கில் ஒன்று, பக்கத்தில் வயலின், மிருதங்கம். சில சமயம் கஞ்சிராவும் சேரும். இந்தச் சத்தத்தைத் தாண்டிக் கடைசி வரிசைவரை போய்ச் சேர நுண்ணிய இழைவு உதவாது. ஒவ்வொரு ஸ்வரமும் விளிம்போடு புறப்பட வேண்டும். நாகஸ்வரக்காரர்கள் துத்துக்காரம் என்று சொல்வது போன்ற வெட்டு அங்கே அலங்காரம் அல்ல, தேவை. மாலியின் நுட்பம் காதில் விழுவதற்கு மைக் வர வேண்டியிருந்தது. இது மாலியைக் குறைப்பதல்ல. முந்தியவர்களின் பாணி அவர்கள் எதிர்கொண்ட பிரச்னைக்கு அவர்கள் கண்ட விடை என்று மட்டும் சொல்கிறேன். அந்த விடையைக் கண்டவர்களில் முதல்வர் செவியை நம்பி வாழ்ந்த ஒரு மனிதர். மேடைக்கும் கடைசி வரிசைக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்க அவருக்கு வேறு கருவி கிடையாது.

பல்லடத்தாரின் இசைத்தட்டுகளை இந்தக் கேள்வியோடு திரும்பக் கேட்க வேண்டும். ஞானக்கண்ணைப் பற்றிய பேச்சை அதுவரை நிறுத்திவைக்கலாம்.