ஜன்னலும் கஜானாவும்

பழைய நகரங்களின் கட்டடங்களைப் பற்றி எழுதப் புகுவோர் கோபுரத்தையும் கும்மட்டத்தையும் வளைவையும் வருணித்துவிட்டுத் திருப்தியோடு நகர்ந்துவிடுவது வழக்கம். அந்தச் சுவர்களில் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழிவிட்டவர் யார், அவ்வழிக்கு வேண்டிய மரமும் இரும்பும் கண்ணாடியும் எந்தப் பெட்டியிலிருந்த பணத்தில் வாங்கப்பட்டன, பிற்காலத்தில் அவற்றைப் பழுதுபார்க்கும் கடமை எவர் தலையில் விழுந்தது என்ற விசாரணைகள் பெரும்பாலும் சரித்திரத்தின் புறத்தே நின்றுவிடுகின்றன. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு அரசாங்கக் கட்டடங்களின் ஜன்னல்களை மாற்ற வேண்டும், அதற்குப் பணம் எங்கே என்று உலகெங்கும் பேசப்படும் இந்நாளில், புதுக்கோட்டையின் கடந்த காலத்தை அந்த ஒரு கேள்வியை முன்வைத்துப் புரட்டிப் பார்ப்பது வீண் காரியமாகாது.

புதுக்கோட்டைச் சீமையில் ஜன்னலின் சரித்திரம் வீதியின் சரித்திரத்திலிருந்தே தொடங்குகிறது. 1812-இல் ஊர் தீக்கிரையான பிறகு, தஞ்சாவூரில் ரெஸிடெண்டாக இருந்த மேஜர் பிளாக்பர்னின் யோசனைப்படி, மன்னர் விஜயரகுநாதராயத் தொண்டைமான் நகரத்தைப் புதிதாக எடுத்துக் கட்டினார். ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச்செல்லும் நேரான வீதிகளும், அவற்றின் இருமருங்கும் ஓடு வேய்ந்த வீடுகளுமாக அமைந்த அந்த ஒழுங்கை இன்றும் நகரின் நடுப்பகுதியில் நடப்பவர் காணலாம். இடுக்குச் சந்தைப் பார்த்துத் திறக்கும் ஜன்னல் எத்தனை பெரிதானாலும் அதனால் பிரயோஜனம் சொற்பமே. காற்று ஓடும் வீதி அமைந்த பிறகுதான் சுவரில் திறப்பு வைப்பதற்கு அர்த்தம் உண்டாகிறது.

நேரான வீதி இருந்தும், அதன்மேல் கம்பீரமான பொதுக்கட்டடங்கள் எழுவதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ராமச்சந்திரத் தொண்டைமானின் நீண்ட ஆட்சியில் சமஸ்தானத்தின் செலவு வரவை மீறிச் சென்றதும், அதன் பொருட்டு ஆங்கில அரசாங்கம் மன்னருடைய மரியாதைப் பட்டத்தைப் பறித்துக் கண்டிக்கும் அளவுக்கு விஷயம் முற்றியதும் பிரசித்தம். திருவிதாங்கூரில் திவானாயிருந்து ஓய்வுபெற்ற அ. சேஷையா சாஸ்திரி 1878-இல் புதுக்கோட்டைக்கு வந்து, 1886 வரை திவானாகவும், மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இளம்பிராயத்தினராயிருந்தமையால் 1894 வரை ரீஜெண்டாகவும் நிர்வாகம் நடத்தினார். பல்லவன்குளத்தையும் ஏனைய குளங்களையும் தூர்வாரிச் சுத்தம் செய்ததும், பொது அலுவலகக் கட்டடம் முதலியவற்றை எழுப்பியதும் அவருக்கு அழியாப் புகழைத் தந்தன. ஆனால் அக்கட்டடங்களுக்கு அஸ்திவாரமாக அமைந்த மற்றொரு காரியம் அத்தனை பேசப்படுவதில்லை. அமானி முறையை அவர் ஒழித்ததே அது.

அமானி என்பது விளைச்சலில் அரசுக்கும் குடியானவனுக்கும் பாகம் பிரிக்கும் ஏற்பாடு. கதிர் முற்றியும் அறுப்புக்கு உத்தரவு வரும்வரை குடியானவன் காத்திருக்க வேண்டும். களத்துக்குக் காவல் போட வேண்டும். காவற்காரனுக்கும் காவல் வேண்டியிருந்தது. அரசின் பங்கு களஞ்சியத்துக்குப் போய், அங்கே எலியும் ஈரமும் உத்தியோகஸ்தர்களும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியது சந்தை விலைக்கு விற்கப்படும். இந்நிலையில் அடுத்த வருஷம் கஜானாவில் எவ்வளவு ரூபாய் இருக்கும் என்று திவானாலும் சொல்ல முடியாது. நெல்லில் பங்கு என்பது நீங்கி, நிலத்துக்கு இவ்வளவு என்று ரொக்கத் தீர்வை நிச்சயமான பிறகே, வருஷத் தொடக்கத்தில் வரவை அறிந்து, பல வருஷம் பிடிக்கும் ஒரு கட்டடத்தைத் துணிந்து தொடங்கும் சௌகரியம் சமஸ்தானத்துக்குக் கிட்டியது. 1888-இல் நடந்த இனாம் (மானிய நில) செட்டில்மெண்டும் இந்த நிச்சயத்தை வலுப்படுத்தியது. செங்கல்லும் சுண்ணாம்பும் தேக்கும் கைக்கு வருவதற்கு முன்னரே, அவற்றுக்கான பணம் ஒழுங்குபட்டுவிட்டது.

அக்காலத்துப் பொதுக்கட்டட ஜன்னல் ஒன்றைச் சற்று அருகே நின்று பார்ப்போம். இரண்டடிக்குக் குறையாத கனமுள்ள சுவர். அதில் ஆளுயரத்துக்குத் தேக்குமர நிலை. நிலையில் செங்குத்தாக இறங்கும் இரும்புக் கம்பிகள். கதவு ஒரே பலகையாக இராமல், மேலே இரண்டு கீழே இரண்டு என நான்கு சிறகுகளாகப் பிரிந்திருக்கும். கீழ்ச்சிறகுகளைச் சாத்தினால் வெளியே போவோர் கண்ணுக்கு உள்ளே இருப்பவர் தெரியார். மேற்சிறகுகளைத் திறந்தால் வெளிச்சம் தலைக்குமேலே வந்து மேசையில் இறங்கும். சில ஜன்னல்களில் பலகைக்குப் பதிலாக மெல்லிய மரத்தகடுகளைச் சாய்வாக அடுக்கி, அவை அனைத்தையும் ஒரு குச்சியில் கோத்திருப்பார்கள். குச்சியை மேலே தள்ளினால் தகடுகள் மூடும், கீழே இழுத்தால் திறக்கும், நடுவில் நிறுத்தினால் வெயிலை வெளியே நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும். நிலைக்கும் மேலே, கூரையை ஒட்டினாற்போல், கயிறு கட்டிய வென்டிலேட்டர். அறையில் சூடேறிய காற்று மேலெழுந்து அதன் வழியே வெளியேற, கீழே வராந்தாவின் நிழலைக் கடந்து வரும் காற்று அவ்விடத்தை நிரப்பும்.

இவ்வமைப்பு கூலியில்லாமல் நடந்ததென்று எண்ணிவிடலாகாது. காலையில் கிழக்கு ஜன்னல்களைச் சாத்தி மேற்கைத் திறக்கவும், பிற்பகலில் அதை மாற்றிச் செய்யவும் சேவகன் வேண்டும். கோடையில் வெட்டிவேர்த் தட்டிக்குத் தண்ணீர் தெளிக்க ஒருவன் வேண்டும். கச்சேரியில் உத்தியோகஸ்தர் தலைக்குமேல் தொங்கிய பங்காவை அறைக்கு வெளியே உட்கார்ந்து நாள் முழுவதும் இழுக்க மற்றொருவன் வேண்டும். இன்று மின்கட்டணம் என்று நாம் கொடுப்பதை அன்று அம்மனிதர்களின் சம்பளமாகக் கொடுத்தார்கள். இங்கே கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. ஜன்னலுக்குத் தேக்கு வாங்கிய பணமும், பங்கா இழுப்பவனுக்குக் கொடுத்த பணமும் ஒரே தர்பாரின் ஒரே கஜானாவிலிருந்து சென்றன. வராந்தாவை அகலமாக்கினால் பின்னாளில் என்ன மிச்சமாகும் என்று கணக்குப் பார்க்கும் உரிமையும் ஊக்கமும் ஒரே இடத்தில் இருந்தன.

ஜன்னலை அரசு எப்படிக் கணக்கில் எழுதுகிறதோ அதைப் பொறுத்தே கட்டடத்தின் முகம் மாறும் என்பதற்கு இங்கிலாந்தின் சரித்திரம் விபரீதமான சாட்சி. அங்கே 1696-இல் வீட்டு ஜன்னல்களை எண்ணி வரி போட்டார்கள். வரிக்கு அஞ்சிய ஜனங்கள் இருந்த ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். காற்றும் வெளிச்சமும் இன்றி நோய் பெருகுகிறதென்று வைத்தியர்கள் முறையிட்டும், அவ்வரி நீங்க 1851 வரை ஆயிற்று. அடைக்கப்பட்ட ஜன்னல்களின் தடம் பல வீடுகளில் இன்றும் இருக்கிறது.

பராமரிப்புக்குப் பணம் வற்றிய ஜன்னலின் கதி என்ன என்பதை அறிய நாம் இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. சமஸ்தானத்துக்குள்ளேயே ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு, பனையப்பட்டி முதலிய நகரத்தார் ஊர்களில், பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய செல்வம் பர்மாத் தேக்கு நிலைகளாகவும் வண்ணக் கண்ணாடிகளாகவும் வந்து இறங்கியது. நடுவே திறந்த வளவு, அதைச் சுற்றிப் பத்தி, அறைகளின் வாசலும் ஜன்னலும் ஒரே நேர்கோட்டில் என்று அமைந்த அவ்வீடுகள் கோடையிலும் உள்ளே குளிர்ந்தே இருக்கும். 1930-களின் விலைவீழ்ச்சியும் 1942-இல் பர்மாவை ஜப்பான் பிடித்ததும் அச்செல்வத்தின் ஊற்றை அடைத்தன. பங்காளிகள் பலராகிப் பராமரிப்பு எவர் பொறுப்பும் அல்லாததாகிவிட்ட வீடுகள் பல பூட்டப்பட்டன. சில இடிக்கப்பட்டு, அவற்றின் நிலைகளும் ஜன்னல்களும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. கட்டுவதற்குத் திரண்ட பணம் காப்பதற்குத் திரளாமற் போனதே இதன் காரணம்.

பொதுக்கட்டடங்களுக்கும் வேறொரு வகையில் இதே நிலை வந்தது. 1948 மார்ச் 3-இல் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் ஒரு பகுதியாயிற்று. 1974 ஜனவரி 14-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது, மன்னர் குடும்பத்துக்கென எழுந்த புது அரண்மனை மாவட்ட ஆட்சியர் அலுவலகமாக மாறியது. தர்பாரின் ஒரே கஜானா போய், ஜனநாயக அரசின் முறையான வரவுசெலவுத் திட்டம் வந்தது நியாயமே. ஆனால் அத்திட்டத்தில் பொதுப்பணிக் கட்டடங்களின் பராமரிப்பு 2059 என்ற கணக்குத் தலைப்பிலும், புதிதாகக் கட்டும் மூலதனச் செலவு 4059 என்ற தலைப்பிலும் வருகின்றன. மின்கட்டணமோ, அக்கட்டடத்தில் குடியிருக்கும் துறையின் அலுவலகச் செலவில் சேர்கிறது. ஜன்னலைப் பழுதுபார்க்க வேண்டியவர் பொதுப்பணித் துறைப் பொறியாளர். பழுதுபாராததால் ஏறும் மின்கட்டணத்தைக் கட்டுபவர் வேறொரு துறை அதிகாரி. முன்னவர் செலவழித்தால் லாபம் பின்னவருக்கு. பின்னவருக்கோ ஜன்னலில் கைவைக்க அதிகாரமில்லை. குடத்தின் ஓட்டை ஒருவர் வீட்டிலும் கிணறு மற்றொருவர் வீட்டிலும் இருப்பது போன்ற இந்த ஏற்பாட்டில், ஓட்டையை அடைக்க எவரும் அவசரப்படாதது இயற்கையே.

இதற்கிடையே மின்விசிறி வந்தது, குளிர்சாதனம் வந்தது. குளிர்ந்த காற்று வெளியேறக் கூடாதென்று வென்டிலேட்டர்கள் அட்டையாலும் பலகையாலும் அடைக்கப்பட்டன. உளுத்த மரத்தகடுகள் இருந்த இடத்தில் அலுமினியச் சட்டமும் ஒற்றைக் கண்ணாடியும் ஏறின. கண்ணாடியின் குணம் தெரிந்ததே: கதிரவனின் ஒளியைத் தாராளமாக உள்ளே விடும், அவ்வொளி தரையிலும் சுவரிலும் பட்டு வெப்பமாக மாறித் திரும்பும்போது அதை எளிதில் வெளியே விடாது. கதிரவனை நேரே நோக்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் தெளிந்த நண்பகலில் ஏறக்குறைய 1000 வாட் அளவுக்கு வெப்பம் விழுகிறது. மாலை வெயிலுக்கு முகங்காட்டும் நிழலற்ற கண்ணாடி ஜன்னல் உள்ளே விடும் வெப்பத்தை, மறுபக்கத்தில் குளிர்சாதனம் மின்சாரம் குடித்து வெளியே இறைத்துக்கொண்டிருக்கிறது. குளிர் நாட்டார் உள்வெப்பம் வெளியேறாதிருக்க இரட்டைக் கண்ணாடி போடுகிறார்கள். நமக்கோ வெயில் கண்ணாடியைத் தொடுமுன் தடுப்பதே முதற்காரியம். சாய்ந்த மரத்தகடுகள் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன.

சட்டம் இதைக் கவனியாமல் இல்லை. 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சிக்கனச் சட்டமும், அதன்கீழ் 2007-இல் வெளிவந்த கட்டட விதித்தொகுப்பும் ஜன்னலின் பரப்பு, நிழல், கண்ணாடியின் தன்மை ஆகியவற்றுக்கு வரம்பு கட்டின. ஆயினும் அவ்விதிகள் 100 கிலோவாட் மின்னிணைப்பு முதலான பெரிய வணிகக் கட்டடங்களை, அதிலும் புதிதாக எழுபவற்றையே, முக்கியமாகக் குறிவைத்தவை. நூற்றாண்டு கண்ட தாலுகா கச்சேரியும் பள்ளிக்கூடமும் அவற்றின் பிடிக்கு வெளியே நின்றன.

பணத்துக்கு வழிகாண முயன்றவர்களும் உண்டு. ஜெர்மனியின் பெர்லின் நகரம் 1990-களின் நடுவில் தன் பொதுக்கட்டடங்களைத் தொகுதி தொகுதியாகத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைத்து, அவர்கள் முதல் போட்டுச் சீர்திருத்த, மிச்சமாகும் எரிசக்திக் கட்டணத்திலிருந்து அம்முதலைத் திருப்பிக் கொடுக்கும் முறையைக் கையாண்டது. பிரிட்டனில் 2004-இல் தோன்றிய சாலிக்ஸ் நிறுவனம் பள்ளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வட்டியில்லாக் கடன் கொடுத்து, மிச்சத்திலிருந்தே அதை வசூலித்தது. நம் நாட்டில் 2009-இல் மத்திய அரசின் மின்துறைப் பொது நிறுவனங்கள் கூடி அமைத்த ஈ.ஈ.எஸ்.எல். இதே தத்துவத்தைக் கொண்டு அரசுக் கட்டடங்களில் விளக்கையும் விசிறியையும் குளிர்சாதனத்தையும் மாற்றியது. ஜன்னல் மட்டும் இவ்வரிசையில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. விளக்குக்குப் போட்ட பணம் ஓரிரண்டு ஆண்டுகளில் திரும்பும், ஜன்னலுக்குப் போட்டது திரும்பப் பல ஆண்டுகளாகும் என்பதே காரணம். விளக்கின் விரைவான லாபத்தை ஜன்னலின் மெதுவான லாபத்தோடு சேர்த்து ஒரே ஒப்பந்தமாக்கினால் ஒழிய இந்தக் கணக்கு நேராகாது.

மாற்றுவதென்றால் பழையதைப் பெயர்த்தெறிவது என்ற எண்ணமும் அவசியமானதன்று. 1931-இல் எழுந்த நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில், 2010-ஐ ஒட்டி 6514 ஜன்னல்களையும் கழற்றி, அக்கட்டடத்துக்குள்ளேயே ஒரு பட்டறை போட்டு, பழைய கண்ணாடிகளைத் துடைத்து, இடையே மெல்லிய படலமும் வாயுவும் சேர்த்து மறுபடி பொருத்தினார்கள். பெரும்பாலும் பழைய பொருளே மீண்டும் பயன்பட்டது. அங்கே கண்ணாடியில் செய்ததை, இங்கே தேக்கில் செய்யும் தச்சர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்.

ஆகவே புதுக்கோட்டையின் பொதுக்கட்டடங்களைப் பொறுத்தமட்டில் வேலையின் வரிசை தெளிவு. மேற்கு முகத்துக்கு நிழல், உளுத்த தகடுகளுக்கு மாற்று, அடைபட்ட வென்டிலேட்டருக்குத் திறப்பு, இவை முதலில். குளிர்சாதனம் தவிர்க்க முடியாத அறைகளுக்கு வெப்பந்தடுக்கும் கண்ணாடி, கடைசியில். அதற்கான பணத்தின் வரிசையும் அவ்வளவே தெளிவு. ஒவ்வொரு கட்டடத்துக்கும் பராமரிப்பையும் மின்கட்டணத்தையும் ஒரே ஏட்டில் எழுத வேண்டும். குறைந்த கட்டணத்தின் மிச்சம் பொது நிதியில் கலந்து மறையாமல், குறித்த சில வருஷங்களுக்கு அதே கட்டடத்தின் பழுதுபார்ப்புக்கு வருமாறு உத்தரவு வேண்டும். சேஷையா சாஸ்திரி முதலில் வரவை நிச்சயப்படுத்தினார். பிறகே கொத்தனையும் தச்சனையும் அழைத்தார். கணக்கை ஒழுங்குசெய்யாமல் கண்ணாடி வாங்கும் துறை, பத்தாண்டுக்கொருமுறை கண்ணாடியே வாங்கிக்கொண்டிருக்கும்.