இதயத்துக்கு அமைத்த மாற்றுவழி

விஞ்ஞானத்தின் வெற்றிகளை இயந்திரங்களின் பெருமையாகவே கூறும் வழக்கம் நம்மிடையே உண்டு. இதயச் சத்திரசிகிச்சையின் வரலாறோ மனித உழைப்பின் வரலாறாகும்.

1964 பெப்ரவரியில் லெனின்கிராட் நகரில் வசீலி கோலெசோவ், நெஞ்சுச் சுவரின் உட்புற நாடியை முடியுருநாடியுடன் தைத்து இணைத்தார். இதயம் துடித்துக்கொண்டிருக்கவே அதைச் செய்தார். 1967இல் கிளீவ்லன்டில் ரெனே ஃபவலோரோ, கால் நாளத்தைக் கொண்டு மாற்றுவழி அமைத்தார். ஆர்ஜென்டீனாவின் நாட்டுப்புறத்தில் 12 ஆண்டுகள் வைத்தியம் பார்த்தவர் அவர்.

1998இல் பாரிஸில் றோபோவின் கைகள் இப்பணியில் ஈடுபட்டன. அவை தாமாக இயங்குவன அல்ல. சற்றே தள்ளி அமர்ந்திருக்கும் வைத்தியரின் விரலசைவைப் பின்பற்றுவன. மார்பெலும்பைப் பிளக்க வேண்டியதில்லை. விலாவெலும்புகளுக்கிடையே சிறு துளைகள் போதும். தகுந்த நோயாளர்க்கு இரத்த இழப்புக் குறைகிறது. அவர்கள் விரைவிலேயே தொழிலுக்குத் திரும்புகின்றனர். அன்றாடக் கூலியால் வாழ்பவனுக்கன்றோ இது பெரும்பேறு! ஆயினும் விலைமிக்க அக்கருவி அவனை எளிதில் எட்டுவதில்லை.

1971இல் தாயகம் திரும்பிய ஃபவலோரோ, தாம் நிறுவிய நிலையத்தில் வறியோர்க்கும் சிகிச்சையளித்தார். நோயாளரின் செலவைப் பொறுப்பேற்ற அமைப்புகள் பணம் செலுத்தாமையால் அது கடனில் மூழ்கியது. 2000இல் அவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். யாருக்காக இக்கருவி என்னும் வினாவுக்குச் சமுதாயமே விடை கூறவேண்டும்.