பிளாண்டி: நாளிதழ்ச் சித்திரக்கதையிலிருந்து திரைக்கு வந்த இல்லறம்

இல்லறத்தைப் பொருளாகக் கொண்ட நகைச்சுவைப் படங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறந்துவிடுவதே நம் வழக்கம். வரலாறு போர்க்களங்களிலும் அரசவைகளிலும் மட்டுமே நிகழ்கிறது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆயினும் ஒரு காலத்தின் அச்சங்கள் அக்காலத்து மக்கள் எதைக் கண்டு சிரித்தார்கள் என்பதில்தான் தெளிவாகப் பதிவாகின்றன. 1938இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 'பிளாண்டி' திரைப்படம் இதற்கு நல்ல சான்று.

இப்படத்தின் மூலம் ஒரு நாளிதழ்ச் சித்திரக்கதை. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்து ஓராண்டு நிறைவதற்குள், 1930 செப்டம்பர் 8 அன்று, சிக் யங் என்ற ஓவியர் இத்தொடரைத் தொடங்கினார். அப்போது பிளாண்டி இல்லத்தரசி அல்லள். ஜாஸ் இசைக் காலத்து நவநாகரிக யுவதி. அவளைக் காதலிக்கும் டாக்வுட் பம்ஸ்டெட், இரயில்வே முதலாளி ஒருவரின் மகன். செல்வந்தர் வீட்டுக் கேளிக்கைகளே கதைக்களம். பொருளாதாரப் பெருமந்தம் முற்றி, உழைக்க வல்லோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலையில்லை என்ற நிலை வந்தபோது, வாசகர்களுக்கு அக்கேளிக்கைகள் சுவைக்கவில்லை. தொடரின் செல்வாக்கு சரிந்தது.

யங் கண்ட தீர்வு துணிச்சலானது. பிளாண்டியை மணக்கப் பெற்றோர் இசையாததால் டாக்வுட் உண்ணாநோன்பு இருக்கிறான். இருபத்தெட்டு நாட்களுக்கு மேல் அது நீள்கிறது. பெற்றோர் இசைகின்றனர், ஆனால் குடும்பச் சொத்தில் அவனுக்கு ஒரு காசும் இல்லை என்று சொல்லிவிடுகின்றனர். 1933 பிப்ரவரி 17 அன்று திருமணம் நடக்கிறது. பணக்காரப் பிள்ளை மாதச் சம்பளக்காரனாகிறான். நாடு எங்கே வந்து நின்றதோ அங்கேயே கதையும் வந்து நின்றது. அதன் பின்னரே தொடர் மக்களுடையதாயிற்று.

திரைப்படம் இந்த இடத்தைச் சரியாகப் பற்றிக்கொண்டது. ஃபிராங்க் ஸ்ட்ரேயர் இயக்கிய இப்படத்தில் பென்னி சிங்கிள்டன் பிளாண்டியாகவும் ஆர்தர் லேக் டாக்வுட்டாகவும் நடித்தனர். ஐந்தாம் திருமண நாள் நெருங்குகிறது. கணவனுக்குத் தெரியாமல் மனைவி வீட்டுக்குப் புதிய தளவாடங்கள் வாங்க ஏற்பாடு செய்கிறாள். மனைவிக்குத் தெரியாமல் கணவனோ ஒருவரின் கடனுக்குப் பிணைக் கையெழுத்திட்டு மாட்டிக்கொண்டிருக்கிறான். அதிலிருந்து மீள வேண்டுமானால் ஹாஸ்லிப் என்னும் செல்வரிடம் ஒப்பந்தம் பெற வேண்டும். அவர் யாரென்று அறியாமலேயே அவருடன் சேர்ந்து பழுதான தூசி உறிஞ்சும் இயந்திரத்தைப் பிரித்து மேய்ந்துகொண்டிருக்கிறான் டாக்வுட். வீட்டிலோ மனைவியின் மனத்தில் ஐயம் வளர்கிறது.

தொல்காப்பியர் நகை பிறக்கும் களங்களாகச் சொன்ன நான்கனுள் பேதைமையும் மடனும் அடங்கும். சொன்னதை நம்பி அதை விடாமல் பற்றிக்கொள்வது மடன் என்பர் உரையாசிரியர். டாக்வுட்டின் பிணைக் கையெழுத்து அதுவே. நாம் அவனைக் கண்டு நகைக்கிறோம். நகைக்கும்போதே வேலை போய்விடுமோ, தவணை தவறிவிடுமோ என்னும் அச்சத்தையும் அவனோடு பகிர்ந்துகொள்கிறோம். 1937இல் தொடங்கிய புதிய சரிவால் வேலையின்மை மீண்டும் ஏறியிருந்த ஆண்டில் வந்த படம் இது என்பதை நினைவிற்கொண்டால் அச்சிரிப்பின் கனம் விளங்கும்.

நான்கு கட்டங்களில் முடியும் துணுக்கை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்டுவது எளிதன்று. காலையில் தாமதமாகி வாசலை நோக்கி ஓடும் டாக்வுட் தபால்காரர்மேல் மோதிக் கடிதங்களைச் சிதறடிக்கும் காட்சி, சித்திரக்கதையிலிருந்து வந்து படத்துக்குப் படம் தொடர்ந்தது. வாசகனுக்கு நாளிதழ் அளித்த அன்றாடப் பழக்கத்தை இத்தகைய மறுநிகழ்வுகள் திரையிலும் காத்தன. 1943க்குப் பின் சிறிது இடைவெளி விட்டு, 1950 வரை இருபத்தெட்டுப் படங்கள் வெளியாயின. மகனாக நடித்த லாரி சிம்ஸ் மழலையாய் அறிமுகமாகி, இரசிகர்களின் கண்முன்னேயே பதின்பருவத்தை எட்டினான்.

இவ்வளவிலும் ஒரு கேள்வி நம்மை விடுவதில்லை. வீட்டைக் காப்பவள் பிளாண்டி. கணவனின் தவறுகளைச் சரிசெய்பவளும் அவளே. ஆயினும் அவள் அறிவுக்குக் கிடைத்த எல்லை அவ்வீட்டின் வாசற்படிதான். கணவனைப் பேதையாக்கிச் சிரிக்கவைப்பது பெண்ணை உயர்த்துவதுபோல் தோன்றுகிறது. சிரிப்பு அடங்கியதும் எவரும் இடம் மாறவில்லை என்பதைக் காண்கிறோம். சம்பளம் அவனுக்கு, சமையலறை அவளுக்கு.

திரையில் அந்த வாசற்படியைத் தாண்டாதவர் வாழ்வில் தாண்டினார். பென்னி சிங்கிள்டன் மேடைக் கலைஞர்களின் தொழிற்சங்கத்தில் தீவிரமாக ஈடுபட்டார். 1962இல் அமெரிக்க செனட் குழுவின் முன் தோன்றி, இரவு விடுதிகளில் ஆடும் பெண்கள் சுரண்டப்படுவதைப் பற்றிச் சாட்சியம் அளித்தார். 1967இல் நியூயார்க் ரேடியோ சிட்டி அரங்கின் நடனப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் முன்னின்றார். பின்னர் அச்சங்கத்தின் தலைவராகவும் ஆனார். அடக்கமான இல்லத்தரசியின் முகமாக அமெரிக்கா பன்னிரண்டு ஆண்டுகள் கண்டு மகிழ்ந்த முகம், ஊதியப் பேச்சுவார்த்தை மேசையில் முதலாளிகளுக்கு எதிரே அமர்ந்தது.

சித்திரக்கதைப் பிளாண்டிக்கு இன்னும் காலம் பிடித்தது. 1973இல் சிக் யங் மறைந்தபின் அவர் மகன் டீன் யங் தொடரை ஏற்றார். 1991இல்தான் பிளாண்டி தன் தோழியுடன் சேர்ந்து விருந்துச் சமையல் தொழில் தொடங்கினாள். ஐம்பத்தெட்டு ஆண்டுகளாக ஊதியமின்றிச் செய்த வேலைக்கு முதன்முறையாக விலை வைத்தாள். 1938ஆம் ஆண்டுப் படத்தை இன்று பார்க்கும்போது, டாக்வுட் தபால்காரர்மேல் மோதும் இடத்தில் நாம் இப்போதும் சிரிக்கிறோம். அவன் போனபின் அவ்வீட்டுக்குள் நிற்பவளையும் ஒருகணம் திரும்பிப் பார்க்கலாம்.