சமோவாவுக்குப் போன காண்டாமிருக வண்டு

எருக்குழியைக் கிளறினால் வளைந்து சுருண்டு கிடக்கும் பருத்த வெள்ளைப் புழுதான் வளர்ந்து காண்டாமிருக வண்டாகிறது. வண்டு நான்கைந்து சென்டிமீட்டர் நீளம், மினுங்கும் கருநிறம், தலையில் பின்னோக்கி வளைந்த ஒற்றைக் கொம்பு, அது ஆணுக்குச் சற்றுப் பெரிது. புழு மட்கிய பொருளைத் தின்று வளரும். தென்னைக்குக் கேடு செய்வது வண்டுதான். இரவில் பறந்து வந்து, மட்டை இடுக்கு வழியே குருத்தைக் குடைந்து சாற்றை உறிஞ்சுகிறது. பின்னால் அந்தக் குருத்து விரியும்போது, ஓலை கத்தரியால் முக்கோணமாக வெட்டியதுபோல் தெரியும். வளர்முனை துளைபட்டால் மரமே பட்டுப்போகும்.

தெற்கு, தென்கிழக்கு ஆசியா இதன் தாயகம். தமிழக உழவர்கள் சுளுக்கி என்னும் கொக்கிக் கம்பியால் வண்டைக் குத்தி எடுப்பார்கள். மணலில் வேப்பங்கொட்டைத் தூளைக் கலந்து மட்டை இடுக்குகளில் இடுவார்கள். ஆமணக்குப் புண்ணாக்கை ஊறவைத்த பானைகளைத் தோப்பில் வைத்து வண்டுகளை ஈர்ப்பார்கள். இது ஓயாத தொல்லைதான். ஆனாலும் தோப்புகள் கூண்டோடு அழிந்துபோவதில்லை.

பசிபிக் தீவுகளில் அழிந்தன. 1909இல் இலங்கையிலிருந்து ஜெர்மானிய ஆட்சியிலிருந்த சமோவாவுக்கு ரப்பர் கன்றுகள் போயின. அவற்றோடு இந்த வண்டும் போய்ச் சேர்ந்தது. கொப்பரையை நம்பி வாழ்ந்த தீவு அது. வண்டுகளையும் புழுக்களையும் பொறுக்கித் தரவேண்டும் என்று நிர்வாகம் மக்களைக் கட்டாயப்படுத்தியது. 1914இல் நியூசிலாந்து தீவைக் கைப்பற்றிய பிறகும் இந்தக் கட்டாயம் நீடித்தது. பொறுக்கி மாளவில்லை. பட்டுச் சாய்ந்த மரம் உளுத்து, அடுத்த தலைமுறைப் புழுக்களுக்கு இரையும் இருப்பிடமும் ஆனது. மரம் சாகச் சாக வண்டு பெருகியது. 1942இல் வண்டு பலாவு தீவுகளுக்குள் நுழைந்தது. அங்கே நிலைமை இன்னும் மோசம். போரில் குண்டுபட்டுச் செத்த தென்னைகளும் பின்னர் புழுக்களுக்கு இருப்பிடமாயின. பத்தே ஆண்டுகளில் அத்தீவுகளின் தென்னையில் ஏறத்தாழப் பாதி போயிற்று. 1953இல் ஃபிஜியிலும் வண்டு தென்பட்டது.

தாயகத்தில் வண்டை அடக்கி வைத்திருப்பது எது என்ற கேள்விக்கு 1960களில் மலேசியாவில் விடை கிடைத்தது. அங்கே நோயுற்ற புழுக்களை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் அலோய்ஸ் ஹூகர், அவற்றில் ஒரு வைரஸைக் கண்டறிந்தார். அதன் வேலை நுட்பமானது. தொற்றிய வண்டு உடனே சாவதில்லை. தீனியும் முட்டையிடுவதும் குறைந்து, தன் எச்சத்தால் மட்கு குவியல்களிலும் மரக்குடைவுகளிலும் நோயைப் பரப்பிய பிறகே மடிகிறது. யாரும் தேடிப்போக முடியாத புதர்க்காட்டு உளுத்த மரங்களுக்கும் வண்டே நோயைச் சுமந்து சென்றது. கைகளால் பொறுக்கிச் சாதிக்க முடியாததை வைரஸ் சாதித்தது. 1967இல் சமோவாவில் வைரஸ் விடப்பட்டது. தென்னைச் சேதம் வெகுவாகக் குறைந்தது. ஃபிஜி, டோங்கா முதலிய தீவுகளும் பின்தொடர்ந்தன. பயிர்ப் பாதுகாப்பு வரலாற்றில் இதற்கு ஈடான வெற்றிகள் மிகச் சில.

வெற்றி நாற்பது ஆண்டுகள் தாங்கியது. 2007இல் குவாமில் தோன்றிய வண்டுகளை அந்த வைரஸ் பாதிக்கவில்லை. அவை மரபு வேறுபட்ட வகை. அவ்வகை 2013இல் ஹவாயையும், 2015இல் சாலமன் தீவுகளின் தலைநகர் ஹொனியாராவையும் எட்டிவிட்டது. அதை வீழ்த்தும் வைரஸ் வகையை ஆய்வாளர்கள் ஆசியாவில் தேடி வருகிறார்கள். குவாமில் இதற்கிடையே மீன்பிடி வலைகளை எருக்குவியல்மீது விரித்து, முட்டையிட வரும் வண்டுகளைச் சிக்கவைக்கிறார்கள்.